மூன்று முறை மட்டும் விழும் டீச்சர்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் கணினி ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம். ஆசிரியர் தினத்துக்குப் படம் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாடசாலையில் ஸ்பீக்கர் இல்லை. எனவே பழைய ஐரோப்பிய ஊமை நகைச்சுவைப் படங்களில் டீச்சர் வருபவையாகத் தேடி, ஒரு வாரம் பார்த்து, எக்செல்லில் அட்டவணை போட்டேன்.

எல்லா டீச்சருக்கும் வட்டக் கண்ணாடி, இறுக்கிய கொண்டை. எல்லாரும் விழுகிறார்கள்: குளத்தில், மாவு மூட்டையில், ஒருவர் பியானோவுக்குள். கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிவிடுகிறார்கள், உடனே கல்யாணம். அதன்பின் யாரும் பாடம் நடத்துவதில்லை.

ஆகக் குறைவாக விழும் டீச்சரைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றே முறை. புரொஜெக்டர், வயர், திரைக்கு என் வெள்ளைக் கட்டில் விரிப்பு, பட்டியலில் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

படத்து டீச்சர் கையில் குடையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளை கத்தியது:

"ஐயோ, நம்ம பெரிய டீச்சரு!"

மண்டபமே திரும்பியது. முதல் நாற்காலியில் எங்கள் பிரதி அதிபர், யாழ்ப்பாணத்துக் கணக்கு டீச்சர். வட்டக் கண்ணாடி, கொண்டை, கையில் தொங்கும் குடை. என் வேலையை நிரந்தரமாக்கும் அறிக்கையை அந்த வாரம் எழுதவேண்டியவரும் அவர்தான். அட்டவணையில் இதற்கு ஒரு நிரல் போட எனக்குத் தோன்றவே இல்லை.

திரையில் டீச்சர் முதல்முறை விழுந்தார்.

"எந்திரிங்க டீச்சர்!" என்று பிள்ளைகள் கூச்சலிட, பிரதி அதிபர் எழுந்தார்.

"உந்தப் படத்தை நிப்பாட்டும், பிள்ளை."

நிறுத்தினேன். அவர் சிவப்பு மார்க்கருடன் நேரே திரைக்குப் போனார். விழுந்தவரின் பின்னால் கரும்பலகை தெரிந்தது: 7 × 8 = 54.

"ஏழெட்டு எத்தினை?"

"ஐம்பத்தாறு டீச்சர்!"

"பாத்தியளோ? உவ விழாம என்ன செய்வா?"

என் விரிப்பில் 54 நின்ற இடத்தில் கோடு கிழித்து, பெரிதாக 56 எழுதினார். "இனி ஓட விடும்."

அதன்பின் படம் முழுக்க அந்த 56 அசையவில்லை. கதாநாயகன் நெற்றியில், பாதிரியார் வயிற்றில், கல்யாணக் கேக்கில், எங்கும் சிவப்பு 56. பிள்ளைகள் உருண்டார்கள். பிரதி அதிபரும் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அட்டவணைப்படி அடுத்தது கல்யாணம் என்று நினைத்ததில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அறிக்கை கைக்கு வந்தது. குறைகள் என்ற இடத்தில் ஒரே வரி: "காட்டிய படத்தில் கணக்குப் பிழை. திருத்தப்பட்டது. நிரந்தரமாக்கலாம்."