தறிச் சத்தம் நின்ற தெரு

குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கு வெள்ளைக்காரர்கள் வந்தது எழுபதுகளின் கடைசியில். அவர்களை வரவழைத்தது நான் நெய்த துணி. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தத் துணி வம்பில் மாட்டியிருந்தது.

லுங்கிக் கட்டம் போட்ட துணி அது. வெளிநாட்டில் அதில் சட்டை தைத்தார்கள். விசைத்தறித் துணியை வருஷத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம், கைத்தறிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று நம் அரசாங்கமும் அந்த நாட்டு அரசாங்கமும் பேசி ஒப்பந்தம் போட்டிருந்தன. எங்கள் துணி கப்பலில் போய் இறங்கியதும், "இது மெஷின் துணி" என்று அந்த நாட்டுச் சுங்கக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். டெல்லிக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம் நடந்து, கடைசியில் நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாக முடிவானது. துணி திரும்பி வந்தால் மெட்ராஸ் கம்பெனி எங்களுக்கு நூல் கொடுக்காது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்திருந்தார். எனக்குத் தறியை விட மனசில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும், பெண் பார்க்க ஆள் வந்தாலும், கேட்காமலேயே அக்கம்பக்கத்தார் விசைத்தறிகளை நிறுத்திவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் வந்த அன்றும் நிறுத்தினார்கள். எதிர்வீட்டு விசைத்தறிக்காரர் ஷெட்டைப் பூட்டிவிட்டு, குளித்து, சலவை வேட்டியோடு வந்து நின்றார்.

"ரெண்டு நாட்டு விஷயம்மா. கடகடன்னு ஓட்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். எனக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது.

ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் நான் குழிக்குள் காலை விட்டு மிதித்துக் குழித்தறியில் நெய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். தெரு இருந்த அமைதியில் என் மிதிக்கட்டைச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வெள்ளைக்காரர்களில் மூத்தவர் வாசலுக்குப் போய், பூட்டிய ஷெட்டுகளைக் காட்டி ஏதோ கேட்டார். கூட வந்த மெட்ராஸ் அதிகாரி அதைத் தமிழில் கேட்டார்.

"வேலை நாள்ல ஏன் எல்லாம் பூட்டிக் கிடக்கு?"

"நீங்க வர்றீங்கன்னுதான் சார்," என்றார் எதிர்வீட்டுக்காரர், வெகு பவ்யமாக.

அதை இங்கிலீஷில் கேட்டதும் வெள்ளைக்காரர் முகம் மாறிவிட்டது. நாங்கள் எதையோ ஒளிக்கிறோம் என்று நினைத்துவிட்டார். ஷெட்டைத் திறந்து காட்டினோம். தறியில் இருந்தது போர்வைக்கு நீளவாக்கில் போட்ட பாவு நூல், லுங்கிக் கட்டம் இல்லை. அவர் நம்பவில்லை, நேற்றே மாற்றியிருப்போம் என்று நினைத்திருப்பார். சிரித்தபடி கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

டெல்லியில் மறுபடி பேசிச் சமாதானம் ஆனார்கள். துணியை எடுத்துக்கொள்வார்கள், ஆனால் விசைத்தறிக் கணக்கில். கம்பெனி ஏஜென்ட் சிரித்த முகமாக வந்து இதைச் சொன்னார். நூலும் வந்தது.

"அதான் தறி நிக்கலையே, அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் நெய்ஞ்சதை மெஷின் நெய்ஞ்சதுன்னு எழுதிட்டாங்களே!"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முழங்கால் வலி என்னுடையது, பேர் மட்டும் மெஷினுக்கா? இரண்டு நாடு சேர்ந்து முடிவு செய்ததை நான் எங்கே போய் மாற்றுவது?

அடுத்த வருஷத் துணிக்கும் அதே சந்தேகம். இந்தத் தடவை வேறொரு வெள்ளைக்காரர் வருவதாகச் சேதி வந்தது. எதிர்வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "நிறுத்தட்டுமாம்மா?"

"வாணாம்ண்ணே. இருக்கிறது எல்லாத்தையும் ஓட்டுங்க."

ஓட்டினார்கள். தெருவே அதிர்ந்தது. வந்தவர் முதலில் ஷெட் ஷெட்டாக நுழைந்து பார்த்தார். எல்லாவற்றிலும் போர்வைதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு காதைப் பொத்திக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் வந்து, குழி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். என் காலையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். துணியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் எழுந்து வெளியே போனார். நான் நெய்வதை நிறுத்தவில்லை, நிறுத்தப் பயமாக இருந்தது.

மெட்ராஸ் அதிகாரி வாசலிலிருந்து கத்தினார். "கைத்தறின்னே எழுதிட்டாரும்மா!"

அத்தனை இரைச்சலிலும் எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. இருந்தாலும் கேட்காத மாதிரி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.