போ பீ என்ற ஜெபம்

அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று காலை என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. அடையாள அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், மாற்றுத் துணி, ஜெபமாலை. தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதிக்கும் பொறியாளர் நான். ஒவ்வொன்றாக டிக் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

அறுவை அறைக் கதவருகே தாதி தள்ளுவண்டியை நிறுத்தினார். அம்மா என் கையைப் பிடித்தார்.

"மங்கள வார்த்தை ஜெபம் சொல்லு. ஒன் வாயால கேட்டுட்டுப் போறேன்."

மாதாவை நோக்கித் தினமும் சொல்லும் ஜெபம். வாயைத் திறந்தேன். முதல் சொல் வரவில்லை. மறுபடியும் முயன்றேன்.

"போ பீ, போ பீ, போ பீ."

என் குரல்தான். அது சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழி. எனக்கு அந்த மொழி தெரியாது. என் கைகள் அம்மாவின் பிடியிலிருந்து எப்போது விலகின என்றும் தெரியாது. ஊதுவத்தி பிடித்ததைப் போலக் குவிந்து, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன.

அம்மா ஷிப்ட் வேலைக்குப் போன வருடங்களில், நாங்கள் குடியிருந்த பாயான் பாரு அடுக்குமாடியில் கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டிதான் என்னை வளர்த்தார். கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயதுவரை. வாசலில் இருந்த சிவப்புச் சாமி மாடத்தின் முன் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சொல்வது அது. காப்பாற்று என்று பொருளாம்; பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "என்னது இது?"

"ஆண்ட்டி சாமி கும்பிடுறப்ப சொல்றதும்மா. எப்படி வந்துச்சின்னு தெரியல."

"சாமி கும்பிடுறதா?" அம்மா கூரையைப் பார்த்தார். "சின்னதுல பயந்தா இதத்தான் சொல்லுவ. பீ வருதாக்கும்னு நெனச்சு, ஒன்னத் தூக்கிட்டு டாய்லெட்டுக்கு ஓடுவேன். உக்கார வச்சா அழுவ. ரெண்டு அடிகூடப் போட்டிருக்கேன்."

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

"ஸாரிம்மா, இப்பச் சொல்றேன்." மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினேன். இந்த முறை பிசகாமல் வந்தது. பாதியில் அம்மா தலையசைத்து நிறுத்தினார்.

"அது வேணாம் லா. மனப்பாடமா ஒப்பிக்கிற. மொதல்ல சொன்னியே, அதையே சொல்லு."

சொன்னேன். வண்டி உள்ளே போனது. கதவு மூடிய பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை.

அறுவை நன்றாக முடிந்தது. மறுநாள் கண்ணைத் திறந்து பேச முடிந்தபோது அம்மா முதலில் கேட்டது ஆண்ட்டியைப் பற்றித்தான்.

"மகனோட பிறை டவுனுக்கு மாறிப் போனாங்கல்ல? அங்க எந்த எடம்?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் பெயரும் தெரியாது. கடைசிவரை ஆண்ட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் பெயரைக் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.