கடைசிப் படி

தோட்டத்தில் படி கட்டுவதும் பேவர் கல் பாவுவதும்தான் அண்ணன் தம்பி இருவருக்கும் தொழில். வேலையை ஒப்படைக்கும் முன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு படியிறங்கிப் பார்ப்பார். கால் தடுமாறினால் அந்தப் படி மிஞ்சாது.

இந்த வீட்டில் படி தம்பி கட்டியது. கடைசிப் படியிலிருந்து காலை வைத்தார் அண்ணன். தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. குப்புற விழுந்ததில் உதடு கிழிந்தது.

"படியாடா கட்டியிருக்கே?"

சம்மட்டியைத் தூக்கிப் போட்ட போடில் கடைசிப் படி சில்லு சில்லாகத் தெறித்தது. தடுக்க வந்த தம்பியின் மூக்கில் குத்து விழுந்தது. ரத்தம் கொட்டச் சரிந்தவனை விலாவிலேயே மிதித்தார்.

"அளவு எடுக்கத் துப்பில்லாத நாயே!"

தம்பி ஊர்ந்துபோய் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து, படிக்குக் கீழே முற்றத்துக் கல்லின் மேல் வைத்தான். அதன் குமிழி ஓரத்துக்கு ஓடியது. முற்றம் அங்கே ஒரு விரல் தடிமன் இறங்கியிருந்தது.

முற்றத்துக்கு மண்ணை இறுக்கிக் கல் பாவியது அண்ணன்.

கீழே கிடந்த சம்மட்டியைத் தம்பி அவர் பக்கம் தள்ளினான்.

"இதையும் உடைங்கண்ணே. உடைச்சிட்டு யாரை மிதிக்கிறீங்கன்னு பார்க்கிறேன்."