மோதிர விரலின் எழுத்துகள்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் சுவரில் இரண்டு கைகள் வரைந்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. விரித்து வைத்த பத்து விரல்கள். விரலுக்கு ஒரு வண்ணம், அந்த விரல் அடிக்க வேண்டிய எழுத்துகளுக்கும் அதே வண்ணம். நாங்கள் சேர்ந்த முதல் நாள், அண்ணி நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். தன் இடது கையைத் தூக்கி, படத்திலிருந்த இடது கையின்மேல் அழுத்தி வைத்தார். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் பச்சை நிறம் அப்படியே தெரிந்தது. அதற்குரியவை எஸ், டபிள்யூ, எக்ஸ். "மூணே எழுத்துதான்டி போச்சி. மீதி இருவத்தி மூணு கீதே," என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர். கல்யாணமான ஒரே வருடத்தில் அந்த உறவு ஒத்துவராமல் ஆரம்பாக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டவர். வீட்டில் உட்கார்ந்து அழும் ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். நான் மருமகளாகப் போனதும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமனாருக்கு அதில் விருப்பமில்லை. "நெல்லு வெளையற ஊட்ல இருந்து தகரம் வெட்டப் போறீங்களா?" என்று கேட்டார். "நெல்லு வருசத்துக்கு ரெண்டு வாட்டி நைனா, தகரம் தெனமும் வெளையும்," என்றார் அண்ணி. அண்ணியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் தெருவிலேயே குறைவு.

பிரஸ் ஷாப்பில் எங்களுக்கு வேலை. தகட்டை அச்சுக்குள் வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி வெட்டும். நாளெல்லாம் அதுதான். என்னுடையது மூன்றாம் எண் மெஷின். ஒரு நாள் காலையில் நான் ஒரு முறை மிதித்ததற்கு அது இரண்டு முறை இறங்கியது. கை வெளியே இருந்ததால் தப்பித்தேன். மெயின்டனன்ஸ் ஆளிடம் சொன்னேன். சாயங்காலம் பார்க்கலாம் என்று போய்விட்டார். சூப்பர்வைசரிடம் போய், தலை சுற்றுகிறது, நிற்க முடியவில்லை என்றேன். அவர் அண்ணியை என் மெஷினில் உட்காரச் சொன்னார். மெஷின் சரியில்லை என்று அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தலைசுற்றல் பொய் என்று தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனேன். அரை மணி நேரத்தில் அண்ணியின் விரல் போயிற்று.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம்கூட இல்லை. அண்ணியும் ஒன்றும் கேட்கவில்லை. காயம் ஆறியதும் அவரைப் பேக்கிங் மேசையில் நட்டும் போல்ட்டும் பொறுக்க உட்கார வைத்தார்கள். சில மாதம் போனதும் மேனேஜர் கூப்பிட்டு, டெஸ்பாட்ச் ஆபீஸில் கடிதமும் சலானும் அடிக்க ஓர் ஆள் வேண்டும், ஆங்கிலத் தட்டச்சு லோயர் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால் அந்த நாற்காலி உனக்கு, வரும் பரீட்சையில் பாஸ் ஆகாவிட்டால் ஒப்பந்தம் முடிகிறபோது கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்த அண்ணி, "வெரலு இல்லாதவளப் பாத்து டைப் அடிக்கச் சொல்றான். அவனுக்கும் தமாசு தெரியுது," என்றார். பிறகு, "ஊட்ல போயி ஒக்காந்தா என்னிய நானே துன்னுடுவேன்டி. கத்துக்கறேன்," என்றார். நானும் கூட வருகிறேன் என்று உடனே சொன்னேன். துணைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இன்ஸ்டிட்யூட் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம். காலை ஷிஃப்ட் முடிந்து, மூன்றரை மணிக்கு உட்கார்ந்தால் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். அரசாங்க வேலைக்குப் படிக்கிற பெண்கள், பாலிடெக்னிக் பையன்கள் என்று எந்நேரமும் நெரிசல். சொல்லிக் கொடுத்த டீச்சர் எங்கள் இருவரைவிடவும் சின்னப் பெண். எங்களை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே கறாராக இருப்பாள். முதல் வாரம் முழுக்க ஒரே வரி: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அப்புறம் வலது கைக்குச் செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தாள் நிறைய அதுவே. கையைப் பார்த்தால் பிடிக்காது. கைகளுக்குமேல் ஓர் அட்டையை வைத்து மூடிவிடுவாள். "கையப் பாக்காதீங்க அக்கா, பேப்பரப் பாருங்க. எந்த வெரலு எங்க கீதுன்னு அதுக்கே தெரியும்."

அண்ணி அட்டைக்குக் கீழே இருந்த கையை நினைத்து, "இல்லாத வெரலுக்கும் தெரியுமா?" என்று கேட்டார். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, ஒன்பது விரலுக்குப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை அக்கா, பக்கத்து விரல் இரண்டில் எது சுளுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு தடவை முடிவு செய்தால் மாற்றக் கூடாது என்றாள். அண்ணி சுண்டுவிரலைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் சனி பிடித்தது. மெஷினில் எழுத்தைக் கொஞ்சம் ஓங்கித்தான் குத்த வேண்டும். சுண்டுவிரல் ஏ அடிக்கவே திணறும், அதன்மேல் இன்னும் மூன்று எழுத்து. ஒரு மாதத்தில் விரல் வீங்கிவிட்டது. தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக இருக்க எஸ் மட்டும் நரைத்துப்போய் விழுந்தது. ரயிலில் திரும்பும்போது அந்த விரலை வலது கைக்குள் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் பேசாமல் வந்த நாட்கள் அவைதான்.

நான் ஒரு வேலை செய்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத்துக் கட்டங்களை வரைந்து பலகையில் ஒட்டினேன். என் இடது மோதிர விரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டினேன். அண்ணி சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிற நேரம் பார்த்து அறைக்குள் உட்கார்ந்து அந்தக் கையோடு தட்டிப் பார்த்தேன். நாலைந்து நாளிலேயே தெரிந்துவிட்டது: எஸ்ஸும் டபிள்யூவும் நடுவிரலுக்குத்தான் எளிது, எக்ஸ் மட்டும் எப்படி அடித்தாலும் ஒன்றுதான், அது எப்போதாவது வருகிற விருந்தாளி. மறுநாள் அண்ணியிடம், "நடுவெரல்ல அடிச்சிப் பாருங்களேன்," என்றேன்.

"ஒனக்கு இன்னாடி தெரியும்?"

"தோணிச்சி அண்ணி."

டீச்சருக்குக் கோபம், மாற்றக் கூடாது என்றேனே என்று. ஆனால் இரண்டு வாரத்தில் எஸ் கறுப்பாக விழத் தொடங்கியது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எந்த வார்த்தையில் நடுவிரல் இடறும் என்று கட்டிய கையோடு அடித்து அடித்துக் கண்டுபிடித்து, அந்த வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி அண்ணிக்குக் கொடுத்தேன். அட்ரஸ், டிசயர்ட், யூஸ்ட். பரீட்சைக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றும் டியர் சார் என்றுதான் தொடங்கும். அதில் டி, இ, எஸ் மூன்றுமே ஒரே விரலின் தலையில். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் அண்ணி பக்கம் பக்கமாக அடித்தார். அந்த சார் யார், அவருக்கு என்ன பேஜாரு, எதற்கு இத்தனை கடிதம் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பாதி வார்த்தைகளுக்கு அர்த்தமும் தெரியாது. விரல்கள் மட்டும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டன.

பரீட்சை மையம் திருவள்ளூரில், மணவாள நகர் தாண்டி ஒரு பாலிடெக்னிக். மெஷினையும் நாமேதான் கொண்டுபோக வேண்டும். இன்ஸ்டிட்யூட் மெஷின்களைப் பழைய புடவையில் சுற்றி ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். தன் மெஷின் குலுங்கக் கூடாது என்று அண்ணி வண்டியின் பின்னாலேயே ஏறி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நானும் ஏறினேன். நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. பெரியபாளையம் வழியாக மூட்டை முடிச்சோடு போய் இறங்கியபோது எங்கள் தலையெல்லாம் புழுதி.

மணி அடித்ததும் ஹாலில் இருந்த அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் தொடங்கின. எனக்கு அது பிரஸ் ஷாப் சத்தமாகவே கேட்டது. முன்வரிசையில் அண்ணியின் முதுகு தெரிந்தது. ஆடாமல் அசையாமல், தாளையே பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நான் இரண்டாவது வரியில் மாட்டினேன். எஸ் வந்தது. என் மோதிர விரல் கட்டில்லாமல் இருந்தது, அதுவும் இறங்கியது. வீட்டில் பழகிய நடுவிரலும் பாய்ந்து, இடமில்லாமல் பக்கத்து டியைக் குத்தியது. இரண்டு எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டன. பிரித்துவிட்டுத் தொடர்ந்தேன். அடுத்த எஸ்ஸுக்கும் அதே கதை. ஒரு எழுத்துக்கு இரண்டு விரல் போட்டி போட்டால் என்ன செய்வது? பத்து நிமிடமும் நான் சிக்கெடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

முடிவு வந்தபோது அண்ணி பாஸ், நான் ஃபெயில். டீச்சர் நம்பவில்லை, இரண்டு முறை எண்ணைச் சரிபார்த்தாள். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், சூலூர்பேட்டை வண்டிக்குக் காத்திருந்தபோது அண்ணி கேட்டார்: "என்னியவிட நீ வேகம். இன்னா ஆச்சி, சொல்லு."

ரப்பர் பேண்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. மெஷின் இரண்டு முறை இறங்கியது, மெயின்டனன்ஸ் ஆள், இல்லாத தலைசுற்றல், எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அண்ணி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைசுத்தல் பொய்னு அன்னிக்கே தெரியும்," என்றார். "கேன்டீன்காரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப சொன்னா, நீ ரெண்டு போண்டா துன்னுக்கினு இருந்தன்னு. தலை சுத்தறவ போண்டா துன்னுவாளா? மெஷினு கெட்டிருந்தது ஒனக்கு முன்னியே தெரியும்னு தெரியாது. அது இப்பதான் தெரியுது."

பிறகு, "ஆறு மாசம் உன் கையால டீ வாங்கிக் குடிக்கல நானு. நீ கவனிச்சியா?" என்றார்.

நான் கவனிக்கவில்லை. டீ வேண்டாம், பித்தம் என்று அவர் சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு தினமும் என் பக்கத்து டைப் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னும் கீதா அண்ணி, கோவம்?"

"கீது. இப்ப ஜாஸ்தியாவே கீது," என்றார். "எனக்குப் போச்சி, சரி. நல்லா கீற வெரல ஏன்டி கட்டிப் போட்ட? அத்தக் கட்டினா இது மொளச்சிடுமா?" பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். வண்டி வந்தது. ஏறினோம்.

மறுநாள் மூன்றரை மணிக்கு, இனி அங்கே வேலையே இல்லாத அண்ணி, இன்ஸ்டிட்யூட்டில் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டெஸ்பாட்ச் நாற்காலி கிடைத்த பிறகும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார். அடுத்த பரீட்சை வரை, ஆறு மாதம். என் நடுவிரல் எஸ் பக்கம் தாவாதபடி தன் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்வார். "ம், இப்ப மோதிர வெரலு. அடி. இன்னொரு வாட்டி அடி." போன விரலின் அடிக்கட்டை என் புறங்கையில் உரசும். அது படும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் நீர் வரும். "அழுதா பேப்பர் நனையும், அடிடி," என்பார். சுவரிலிருந்த படத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்து நான் அடிப்பேன்.

நான் பாஸ் செய்து, பிறகு ஹையரும் எழுதி, இப்போது ஆர்.கே.பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். எல்லாம் கணினிதான்; ஓங்கிக் குத்த வேண்டியதில்லை, தொட்டாலே எழுத்து விழுகிறது. அண்ணி இன்னும் அதே டெஸ்பாட்ச் ஆபீஸில் இருக்கிறார். ஊருக்குப் போனால் என்னிடம் டீ கேட்டு வாங்கிக் குடிக்கிறார், சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொல்கிறார். மூன்றாம் எண் மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, நான் கையைப் பார்க்காமல் அடிப்பதைப் பார்த்துவிட்டு, எந்த இன்ஸ்டிட்யூட்டில் கற்றீர்கள் மேடம் என்று கேட்டாள். சொன்னேன். ஆனால் அந்தப் பதில் ஒன்பது விரலுக்குத்தான் சரி. இடது மோதிர விரலுக்கு மட்டும் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் வேறு. அவருக்கு அந்த விரல் கிடையாது.