வெள்ளவத்தையில் காது மெசின் விற்றவர்

நெற்றி நிறையத் திருநீறு, நகங்களில் கறுப்பு அழுக்கு. ஒருவர் காதிலிருந்து கழற்றிய மெசினைத் தன் சட்டை நுனியில் துடைத்துவிட்டு அடுத்தவர் காதில் செருகுவார். காது மந்தமான அம்மாவின் முறை வருவதற்குள்ளேயே எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

முதலில் மெசின் இல்லாமல், அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "கிழவி, நீ இன்னும் சாகேல்லையோ?" என்றார். அம்மாவும் சிரித்துத் தலையாட்டினார். பிறகு மெசினைச் செருகிவிட்டு, அதே சிரிப்போடு அதையே கேட்டார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"பாத்தீங்களே, வடிவாக் கேக்குது."

"வெக்கமில்லையோ? உங்கட அம்மாவையும் இப்பிடித்தான் கேப்பீங்களோ?" என்று கத்தினேன்.

"கோவிக்காதீங்கோ தங்கச்சி. சுகமோ எண்டு கேட்டா, காது கேக்காட்டியும் தலையாட்டுவினம். ஏசினாத்தான் உண்மை தெரியும்."

மெசினைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே, காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு வந்தேன். அழுகிறாரோ என்று பயந்து, காதோடு குனிந்து கேட்டேன்:

"என்னம்மா குடிப்பம்? தேத்தண்ணியோ, கோப்பியோ?"

அம்மா சிரித்துத் தலையாட்டினார்.

அந்த ஆளை நினைத்தால் இன்றும் அருவருக்கிறது. அவர் சொன்னது பொய்யாகவாவது இருந்திருக்கக்கூடாதா?