அரை சென்டிமீட்டர்

அளவு விஷயத்தில் சாந்தாமணி டீச்சரிடம் யார் பருப்பும் வேகாது. தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி, காங்கேயம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பத்தொன்பது வருஷமாக வருகிறார். ஆறாம் வகுப்புக்கு அறிவியல். ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளக்கிற பிள்ளைக்குத் தலையில் ஒரு குட்டு நிச்சயம். "ஓரத்துல கொஞ்சம் வெறுங்கட்டை இருக்குதல்ல கண்ணு? பூஜ்யத்துல இருந்து அளக்கோணும்" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அன்றைக்கு, வகுப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் அளக்கச் சொன்னார். கனிஷ்கா சுவரோரம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். அங்கே பிள்ளைகளின் உயரம் பார்க்கப் பெயின்டில் கோடுகள் இருந்தன. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு லீவு நாளில், ஒரு மீட்டர் மர ஸ்கேலை வைத்து டீச்சரே போட்டவை.

"டீச்சர், இதுல மொதோ சென்டிமீட்டர் மட்டும் ஒண்ணரை இருக்குதுங்க. நூறுக்கு மேலயும் அப்பிடியேதானுங்க."

"ஏனம்மணி, ஒழுங்கா அளந்தியா?" என்று அதட்டிக்கொண்டே டீச்சர் குனிந்து அளந்தார். ஒண்ணரைதான். அட ஆண்டவா! ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், ஸ்கேலின் வெறுங்கட்டையைத் தரையில் முட்டவைத்துக் கோடு போட்டிருக்கிறார். நூறுக்கு மேலே இன்னொரு தடவை. அந்தச் சுவரில் நின்ற பெரிய பிள்ளைகள் எல்லாரும் ஒரு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டார்கள்.

அப்போதுதான் லோகப்பிரியா ஞாபகத்துக்கு வந்தாள்.

போன வருஷம் அவள் ஏழாவது. கோயம்புத்தூரில் ஒரு வாலிபால் விடுதியில் அவள் ஆட்டம் பிடித்துப்போய்ச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். ஏழாவதில் மட்டும்தான் எடுப்பார்கள், உயரம் நூற்றைம்பது இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் எழுதித் தர வேண்டும். இதே சுவரில் நிறுத்திப் பார்த்து டீச்சர் எழுதியது நூற்று நாற்பத்தொன்பதரை. "அரை சென்டிமீட்டர்தானுங்களே டீச்சர்" என்று அழுதவளிடம், "அளவுன்னா அளவுதான்" என்று சொல்லிவிட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

டீச்சர் எட்டாம் வகுப்புக்கு ஓடினார். லோகப்பிரியாவை வெளியே கூப்பிட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என்ற மேலதான் கண்ணு. பாவிச் சிறுக்கி நான்."

அவள், "எங்கப்பா கொத்துவேலைக்குப் போறவருங்க. அன்னைக்கே ஊட்டுல டேப்பு வெச்சு அளந்தாருங்க. நூத்தியம்பதரை வந்துச்சுங்க" என்றாள்.

டீச்சர் திகைத்துப்போனார். "அப்பறம் ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"டீச்சர் அளந்தாத் தப்பாவாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. டேப்புலதான் கோளாறுன்னு அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, வேற வாங்கிட்டாருங்க."