தலைவெட்டி ராயனின் கத்திக்காரர்

முனிரத்தினத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது புத்தூர் ரயில் நிலையத்தில். "வெள்ளிக்கெழம மாப்பிள்ளை வீட்டாரு வராங்க சார். அவங்க எதிர்ல கல்லைப் படிச்சுச் சொல்லிடுங்க. நாங்க தலை வெட்டினவங்க வம்சம் இல்லன்னு உங்க வாயால வந்தா போதும்" என்றார். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

கல்வெட்டுகளைக் காகிதத்தில் படியெடுப்பது என் தொழில். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாக வரும், கை கறுப்பாகிவிடும். என் மனைவி இருந்தவரை எனக்கென்று தனித் தட்டு வைத்திருந்தாள். பழைய எழுத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து நானே பழகினேன். ஊரே நம்புகிற ஒன்றுக்கு எதிராகக் கையில் ஒரு காகிதத்தோடு நீங்களும் நின்றிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஆந்திரா பிரிந்து, எல்லை எது என்று இரு பக்கமும் பேசிக்கொண்டிருந்த காலம். திருப்பதியிலிருந்து கிளம்பி நகரி, சத்தியவேடு பக்கம் ஊர் ஊராகப் போனேன். எந்த ஊரில் கேட்டாலும் ஒரே ராஜாதான்: தலைவெட்டி ராயன். பல நூறு வருஷத்துக்கு முன் ஆண்ட சிற்றரசன். காலையில் ஒரு தலை விழாமல் பல் விளக்க மாட்டானாம். கல்லில் அவன் பெயர் வேறு, மூன்று வரி நீளம். விளக்குக்கு நெய், கோயிலுக்கு ஆடு என்று கொடுத்திருக்கிறான். நான் படித்தவரை ஒரு தலைகூட விழவில்லை.

கட்டைவிரல்

நகரியில் ஒரு நெசவாளர். தன் முன்னோர்களின் கட்டைவிரலை ராயன் வெட்டிவிட்டான் என்பது அவர் வீட்டுக் கதை. அந்த ஊர்க் கோயில் மதில் கல்லைப் படித்தால், தறி வரியில் பாதியை அவன் தள்ளுபடி செய்திருக்கிறான். "விரலைப் பற்றி ஒன்றும் இல்லை, வரியைக் குறைத்ததுதான் இருக்கிறது" என்றேன்.

அவர் தன் கட்டைவிரல்கள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வெரலையும் வுட்டுடாதீங்க சார். வெரலும் போச்சு, வரியும் பாதின்னு சேர்த்தே எழுதிக் குடுங்க. தாசில்தாருகிட்ட காட்டறேன்."

ரத்தத் தொட்டி

இன்னொரு கோயிலில் காவல்காரர் ஒரு கல் தொட்டியைக் காட்டினார். வெட்டிய தலைகளின் ரத்தம் அதில்தான் வடிந்ததாம். திருமலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அது செக்கு. விளிம்பைச் சுற்றி, இன்ன வாணியர் கோயில் எண்ணெய்க்காகக் கொடுத்தது என்று எழுதியும் இருந்தது. காவல்காரருக்கு விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா எண்ண ஆட்டினதுன்னா எவன் சார் வண்டிய நிறுத்துவான்?"

யாருக்கும் வேண்டாத ராஜா

எல்லையோர ஊர் ஒன்றில் எனக்கு முன்பே இரண்டு கட்சி காத்திருந்தது. ராயன் தெலுங்கன் என்று எழுதச் சொன்னார்கள் தமிழர்கள். "வாடு மாக்கொத்து சார்", அவன் எங்களுக்கு வேண்டாம், தமிழன் என்றே எழுதுங்கள் என்றார்கள் தெலுங்கர்கள். கல்லில் மேலே தமிழ், கீழே தெலுங்கு, இரண்டிலும் ஒரே செய்தி: இந்த ஊர் ஏரிக்கு மதகு கட்டியவன் இவன்.

அதைப் படித்துச் சொன்னதும் இரண்டு கட்சியும் கலைந்தன. விடிந்ததும் தமிழர்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் தெலுங்கர்கள் வந்தார்கள். இரண்டு மொழியிலும் நான் கேட்டது ஒரே பேச்சு: "தலை வெட்டினவன் வேற ராயன் சார். மதகு கட்டினவன் எங்க ஆளு."

முனிரத்தினத்தின் கல்

முனிரத்தினம் சத்தியவேடு பக்கத்து விவசாயி. ஊரில் அவர் வீட்டுக்குக் கத்திக்காரர் வீடு என்று பெயர். ராயனுக்குத் தலை வெட்டிக் கொடுத்தவரின் வம்சமாம். அவர் வயல் வரப்பில் நின்ற கல்லில், கத்தியோடு ஓர் ஆள் செதுக்கியிருப்பதே அத்தாட்சி. அந்தப் பெயரால் மகள் கஸ்தூரிக்கு வந்த மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நான் படித்தபோது, ராஜாவுக்குப் பாக்கு வெட்டி வெற்றிலை மடித்துக் கொடுத்தவருக்கு அந்த வயல் மானியம் என்று இருந்தது. முனிரத்தினம் வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வருமுன் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து சில மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். நானும் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, எல்லோர் எதிரிலும் மைப்படியை விரித்துப் படித்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி. அவர் முகம் தொங்கிவிட்டது. "இன்னா சார் இது! தலை வெட்டின வீட்ல பொண்ணு எடுக்கறேன்னு சொல்லி வெச்சதுல இருந்து பங்காளிங்க வாயத் தொறக்கல. இப்போ பாக்குன்னு சொன்னா எவன் பயப்படுவான்?"

செத்தவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய், அவர் மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து கஸ்தூரி வந்தாள்.

"சுருட்டாதீங்க சார். எங்க நைனா ஆசப்பட்டுக் கேட்டது அது" என்றவள், மாங்காய் வியாபாரி பக்கம் திரும்பினாள். "மாமா, இது பாக்கு வெட்டின வீடு. இஷ்டம்னா ஒக்காந்து துன்னுட்டுப் போங்க. இல்லன்னா எழுந்துக்கினு வண்டியப் பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சார் இன்னா வேணா படிக்கட்டும். இது தலை வெட்டின வீட்டுப் பொண்ணுதான்."

கஸ்தூரிக்குக் கல்யாணம் நடந்தது, கல் வரப்பில் நிற்கிறது, வீட்டுக்கு இன்றைக்கும் கத்திக்காரர் வீடு என்றுதான் பெயர்.